சோளக்காட்டுக் கல்லூரிக்காரி

மகள் அமெரிக்காவிலிருந்து தொலைபேசியில் சொன்னது இரண்டே விஷயம். அவளுடைய புதிய பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணி ஓகஸ்டில் ஜெர்மனிக்கு வருகிறது, ஸ்டுட்கார்ட் பக்கத்தில் எங்கள் வீட்டுக்குக் கிட்டவுள்ள ஒரு கழகத்தோடு சிநேகபூர்வமாக ஓர் ஆட்டம் ஆடப்போகிறது என்பது முதலாவது. இரண்டாவதைக் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னாள்.

"அப்பா, நீங்களும் அம்மாவும் மட்டும் வாங்கோ. வேற ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. பித்தே."

'தயவுசெய்து' என்பதை அவள் ஜெர்மன் மொழியில் சொன்னால் விஷயம் பாரதூரமானது. சரி பிள்ளை என்றேன். சொன்ன அந்த நிமிடத்தில் அப்படியேதான் நடக்கவும் நினைத்திருந்தேன். நீங்களாவது இதை நம்பவேண்டும். என் மனைவி இன்றுவரை நம்பவில்லை.

இந்த நாட்டில் பத்து வயதிலேயே பிள்ளைகளைப் பிரித்து, இது பல்கலைக்கழகத்துக்குப் போகிற தண்டவாளம், இது வேலைக்குப் போகிற தண்டவாளம் என்று ஏற்றிவிடுவார்கள். என் மகளை ஏற்றியது இரண்டாவதில். நான் டிராம் ஓட்டுகிறவன். ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறவேண்டுமென்றால் வழியில் எங்காவது தடம் பிரிகிற இடம் ஒன்று இருக்கவேண்டும் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கு அந்த இடம் அமெரிக்காவில் இருந்தது. அங்கே ஜூனியர் கொலிஜ் என்று ஒருவகை இருக்கிறது. இரண்டு வருடம் மட்டும் படிப்பிக்கும் சின்னக் கல்லூரி. நேரே பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போகப் படிப்புப் போதாத பிள்ளைகள் அங்கே படித்து, அந்தக் கல்லூரி அணியில் விளையாடி, நல்லாக ஆடினால் பெரிய இடத்துக்கு மாறலாம்.

அவள் போன ஊரில் சோளம் இருந்தது, தேவாலயம் இருந்தது, விளையாட்டு மண்டபம் இருந்தது. நான்காவதாக ஒன்றைத் தேடியும் காணவில்லை என்று சொல்லுவாள். அந்த ஊருக்கு என் மகள்தான் ராசாத்தி. எங்கள் பரம்பரையில் மாமரம்தான் உயரம், மனுசர் இல்லை. அப்படியிருந்தும் இரண்டு வருடமும் அந்த அணியில் வளையத்துக்குள் அதிகம் பந்து போட்டவள் அவள்தான். பிறகு உண்மையிலேயே ஒரு பெரிய பல்கலைக்கழகம் அவளை எடுத்தது. எடுத்ததும் நான் மூன்று நாள் சந்தோசமாக இருந்தேன். நான்காம் நாள் இணையத்தில் தேடத் தொடங்கினேன்.

இணையத்தில் தேடாதே என்று வைத்தியர்கள் நோய் வருத்தங்களுக்குத்தான் சொல்லுவார்கள். கூடைப்பந்துக்கும் சொல்லியிருக்கலாம். ஜூனியர் கொலிஜிலிருந்து வருகிறவர்கள் பெரிய இடத்தில் தாக்குப்பிடிப்பார்களா என்று முன்பின் தெரியாத சனங்கள் அங்கே அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். அடிபட்டு வளர்ந்த பிள்ளைகள், அவர்கள்தான் நிற்பார்கள் என்றது ஒரு கூட்டம். மற்றக் கூட்டம் எழுதியதன் சாரத்தை எங்களுடைய ஆட்கள் எப்போதோ சொல்லிவைத்திருக்கிறார்கள்: ஆலை இல்லாத ஊரில் இலுப்பைப்பூச் சர்க்கரை. இப்போது என் இலுப்பைப்பூ ஆலைக்குள்ளேயே போய் நிற்கிறது. அந்த யோசனையோடு ஒருநாள் ஒரு தரிப்பிடத்தில் டிராமின் கதவுகளைத் திறந்துவிட்டு மூட மறந்து இருந்துவிட்டேன். ஒரு ஜெர்மன் முதியவர் வந்து என் கண்ணாடியில் தட்டி, உடம்புக்குச் சரியில்லையா என்று கேட்டார். மகள் கூடைப்பந்து விளையாடுகிறாள் என்றேன். அதற்கு மருந்து இல்லை என்பதுபோலத் தலையாட்டிவிட்டுப் போய் இருந்தார்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. விதிப்படி அவளால் இன்னும் இரண்டு வருடம்தான் கல்லூரி அணியில் ஆடமுடியும். புதிய பயிற்சியாளர் ஒரு பெண்மணி, அதிகம் கதைக்காதவர். ஜெர்மனிப் பயணம் முடியும்போது யார் உண்மையில் விளையாடுகிற ஆட்கள், யார் ஓரத்திலிருந்து கைதட்டுகிற ஆட்கள் என்று முடிவாகிவிடும் எனச் சொல்லியிருந்தார். என் மகள் ஆடுகிற அதே இடத்துக்கு, வேறொரு பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து மாறிவந்த நெட்டைப் பெண் ஒருத்தியும் இருந்தாள். இடம் கிடைக்காவிட்டால் என் மகள் மறுபடியும் பெட்டி கட்டிக்கொண்டு எந்தச் சோளக்காட்டுக்குப் போவாளோ தெரியாது.

இவ்வளவு தெரிந்தும் நான் வாய் திறந்தேன்.

ஒரு நல்ல காரியத்தைச் சொல்லாமல் செய்வது எங்கள் சனத்துக்குள் திருட்டுக்குச் சமம். "எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை" என்ற மனத்தாங்கல் இரண்டு தலைமுறைக்கு நிற்கும். தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கியெடுத்துக்கொண்டிருந்தபோது எங்கள் பழைய மாணவர் சங்கத் தலைவர் எதிர்ப்பட்டார். பொதி விநியோக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் கல்லூரிகளுக்கிடையில் கிரிக்கெட் நடந்தால் பாண்ட் வாத்தியத்தோடு மைதானத்துக்குள் இறங்கிய கோஷ்டிக்கு அந்தக் காலத்திலேயே தலைவர். பிள்ளை எப்படி என்று கேட்டார். சுகம் என்று சொல்லிவிட்டு முருங்கைக்காயோடு போயிருக்கலாம்தான்.

"வாற மாதம் வாறாள் அண்ணை," என்றேன்.

"சும்மாவோ?"

"சும்மா இல்லை. விளையாட."

சொன்னதும் பதறிப்போய், ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் என்றும் சேர்த்தேன். எங்களுக்குள் அந்த வசனம் தபால்முத்திரை மாதிரி. அதைக் குத்தாவிட்டால் செய்தி ஊர் போகாது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். சின்ன நகரத்து விளையாட்டு மண்டபம். வாசலில் மேசை போட்டு பியரும் பொரித்த சொசேஜும் விற்றுக்கொண்டிருந்தார்கள். நானும் மனைவியும் நேரத்துக்கே போய் நடுவரிசையில் இருந்தோம். சொன்னபடி இரண்டு பேர் மட்டும். கொஞ்ச நேரத்தில் வெளியே ஒரு மேளச் சத்தம் கேட்டது. மனைவி என்னைப் பார்க்கவேயில்லை. கைப்பையைத் திறந்து செபமாலையை எடுத்தாள்.

சேலைகள் வந்தன, வேட்டி ஒன்று வந்தது, தமிழ்ப் பாடசாலையின் பாதி வந்தது. மேளத்தை மட்டும் மண்டபப் பொறுப்பாளர் வாசலிலேயே மறித்து வாங்கிவைத்துவிட்டார். அந்த மனுசனுக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் என்னைச் சுற்றி நாற்பது பேரளவில் அமர்ந்து, என் முதுகில் தட்டி, சொல்லாமல் விடப்பார்த்தாயே என்று செல்லமாகப் பேசினார்கள். அந்த நேரம் பார்த்து மகள் அணியோடு வெளியே ஓடிவந்தாள். பந்தைத் தட்டிக்கொண்டே நிமிர்ந்தாள். பார்த்தாள். பயணச்சீட்டு இல்லாமல் இருக்கிறவனைப் பரிசோதகர் பார்ப்பாரே, அந்தப் பார்வை. நான் சட்டைப்பையைத் தடவினேன்.

தலைவர் மடியில் ஒரு குளிர்ப்பை இருந்தது. பிள்ளைகளுக்குக் குளிர்பானமாக்கும் என்று நினைத்தேன். அவர் குனிந்து, பையின் ஜிப்பைக் கொஞ்சம் திறந்து காட்டினார். உள்ளே சிவப்பும் வெள்ளையுமாகக் கார்னேஷன் பூக்கள். கட்டி முடித்த முழு மாலை.

"பிள்ளையின்ர முதல் பந்து விழுந்த உடன நான் இறங்குவன்," என்றார். "நீ ஒண்டுக்கும் கவலைப்படாதை."

எனக்கு உடனே விளங்கியது. ஊரில் ஒருவன் ஐம்பது ஓட்டம் அடித்தால் ஆதரவாளர்கள் மைதானத்துக்குள் ஓடிப்போய் மாலை போடுவார்கள். ஆட்டம் நிற்கும், நடுவர் சிரிப்பார், அடித்தவன் மாலையைக் கழற்றி வைத்துவிட்டுத் தொடருவான். அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் இங்கே, வருடத்துக்கு நாலுதரம் சிரிப்பவர் போலிருந்த அந்தப் பயிற்சியாளரின் முன்னால், ஓடுகிற ஆட்டத்துக்குள், எழுபது வயது மனுசன் மாலையோடு இறங்கினால் என் மகளின் கதி என்ன?

அந்த நிமிடத்திலிருந்து எனக்கு இரண்டு பயம். அவளை இறக்கமாட்டார்களோ என்பது ஒன்று. இறக்கினால் பந்து போட்டுவிடுவாளோ என்பது மற்றது. மனைவியின் காதில், அந்தோனியாரிடம் கேட்பதைக் கவனமாகக் கேள் என்றேன். விளையாட விடச் சொல், ஆனால் போட விடாதே என்று சொல். உங்களுக்காகத்தான் கேட்கிறேன், புத்தி வரட்டும் என்று, என்றாள் அவள்.

முதல் கால்பகுதி முழுவதும் மகள் ஓரத்துப் பெஞ்சில் இருந்தாள். நெட்டைப் பெண் ஆடினாள். அவள் நல்லாகவே ஆடினாள். இரண்டாம் கால்பகுதியில் பயிற்சியாளர் ஒவ்வொருத்தியாக மாற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் அவர் பெஞ்சுப் பக்கம் திரும்பும்போது என் மகள் நுனியில் வந்து இருப்பாள். பிறகு பின்னுக்குச் சாய்வாள். நானும் இங்கே நுனிக்கு வந்து, பின்னுக்குச் சாய்ந்தேன். பின்வரிசை அக்கா ஒருவர், பிள்ளையை ஏன் இன்னும் இறக்கவில்லை என்று கேட்டார். பாயாசத்தைக் கடைசியில்தானே அக்கா விடுகிறது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்போது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

இடைவேளை விட்டார்கள். இதுதான் தருணம் என்று தலைவரிடம் போனேன். இந்தச் சூட்டில் பூ வாடிவிடும் அண்ணை, என் கார் நிழலில் நிற்கிறது, அதற்குள் வைத்தால் புதுசாக இருக்கும் என்றேன். ஓகஸ்ட் வெயிலில் கார் டிக்கி எப்படியிருக்கும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பிள்ளையைப் பெற்றவன் சொல்கிறான் என்று பையைத் தந்தார். வாங்கிக்கொண்டு ஓடினேன். டிக்கியில் வைத்துப் பூட்டி, பூட்டியதா என்று இழுத்துப் பார்த்து, பாதி வழி வந்தபின் சந்தேகம் வந்து திரும்பிப்போய் இன்னொருதரம் இழுத்துப் பார்த்தேன். திரும்பி வாசலுக்கு வந்தால் உள்ளே எங்கள் சனத்தின் சத்தம் கூரையைத் தூக்குகிறது.

மூன்றாம் கால்பகுதி தொடங்கிவிட்டது. மகள் ஆடுகளத்தில் நின்றாள்.

மூச்சிரைக்க என் இடத்தில் போய் விழுந்தேன். மனைவி திரும்பவில்லை.

"எங்க போனனீங்கள்? பிள்ளை இறங்கின உடன மேல பார்த்தவள். உங்கட கதிரை வெறுங்கதிரை."

கார்ச் சாவியைச் சட்டைப்பைக்குள் ஒளித்தேன்.

கீழே அவளிடம் பந்து வந்தது. உடனே இன்னொருத்திக்குக் கொடுத்தாள். எங்கள் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு. மறுபடி வந்தது, மறுபடி கொடுத்தாள். இப்போது சத்தம் தொடங்கியது. "போடு பிள்ளை, போடு!" நாற்பது வாயும் ஒரே தாளத்தில். மேளத்தை வாங்கிவைத்தால் என்ன, கதிரை இருக்கிறது, தட்டினார்கள். அந்த மண்டபத்தில் தமிழ் விளங்குகிற ஆட்டக்காரி ஒருத்திதான். பயிற்சியாளர் ஒருதரம் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஏதோ சூறாவளி அறிவிப்பைக் கேட்பதுபோல.

மூன்றாந்தரம் பந்து வந்தபோது அவள் மூன்று புள்ளிக்கான தூரக்கோட்டுக்கு வெளியே நின்றாள். முன்னால் ஒரு ஜெர்மன்காரி கையை விரித்துக்கொண்டு நின்றாள். வளையத்துக்குக் கீழே அவளுடைய அணிப் பெண் ஒருத்தி தனியே நின்று கை காட்டிக்கொண்டிருந்தாள். அது எனக்கே தெரிந்தது. சத்தம் உச்சத்துக்குப் போனது. மகள் எறிந்தாள். பந்து இரும்பில் பட்டு வெளியே பாய, எடுத்த ஜெர்மன்காரர்கள் ஒரே ஓட்டத்தில் மறுபக்கம் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள்.

பயிற்சியாளர் கத்தவில்லை. ஒரு விரலை உயர்த்தினார். நெட்டைப் பெண் எழுந்தாள், என் மகள் வந்து இருந்தாள். பயிற்சியாளர் குனிந்து அவளிடம் சில சொற்கள் சொன்னார். அவள் தலையசைத்தாள். மேலே பார்க்கவில்லை. நான் இருந்தும் பார்க்கவில்லை.

அதை எறிந்தது அவளுடைய கையாக இருக்கலாம், எறியவைத்தது நாங்கள். இனி ஒருதரம் இறக்குவாரோ தெரியாது. இறக்கினால், இந்தச் சத்தத்துக்குள் அவள் இன்னொருதரம் எறிவாள். அத்தோடு முடிந்தது. எங்கள் சனத்தை எனக்குத் தெரியும். பேசாமல் இருங்கள் என்று சொன்னால் கோபித்துக்கொண்டு இன்னும் பலமாகக் கத்துவார்கள். எழுந்து முன்வரிசைக்குப் போய் அவர்களுக்கு முகம் காட்டி நின்றேன். என்ன சொல்லப்போகிறேன் என்று வாயைத் திறக்கும்வரை எனக்கே தெரியாது.

"புதுச் சட்டம் ஒண்டு வந்திருக்குதாம். பார்க்கிற ஆக்கள் ஆட்டக்காரியின்ர சொந்தப் பாசையில சத்தம் போட்டால், அது வெளியிலயிருந்து பயிற்சி குடுக்கிறதாம். நடுவர் பந்தைப் பறிச்சு மற்றப் பக்கத்துக்குக் குடுத்திடுவார்."

தலைவர் கண்ணைச் சுருக்கினார். "இப்பிடியும் ஒரு சட்டமோ, தம்பி?"

"ஜெர்மனியில எதுக்கண்ணை சட்டமில்லை?"

அதற்குமேல் யாரும் கேள்வி கேட்கவில்லை. அங்கே இருந்த ஒவ்வொருவரும் ஞாயிற்றுக்கிழமை சத்தம் கேட்கக் குப்பைத்தொட்டியில் போத்தல் போட்டதற்காகப் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்கியவர்கள். கண்ணாடிக் குப்பையை நிறம் பிரித்துப் போடப் பழகியவர்கள். நாற்பது பேரும் வாயை மூடினார்கள். இறுதி ஊர்வலத்தில்கூட எங்கள் சனம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் கண்டதில்லை. முன்னால் இரண்டு ஜெர்மன் இளைஞர்கள் கூச்சலிட, தலைவர் விரலை உதட்டில் வைத்து அவர்களையும் அடக்கினார்.

கடைசிக் கால்பகுதியின் நடுவில் நெட்டைப் பெண் களைத்துப்போய் வெளியே வந்தாள். பயிற்சியாளர் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். நின்றார். பிறகு என் மகளின் தோளைத் தொட்டார்.

அந்த அமைதிக்குள்தான் அவள் என்ன செய்கிறாள் என்பதை முதல்தரம் பார்த்தேன். அதுவரை நானும் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எதிரணியின் மிக வேகமான பெண்ணுக்கு முன்னால் என் மகள் முழங்காலை மடித்து, பக்கவாட்டில், நண்டு மாதிரி ஓடினாள். கையைக் காட்டிக் காட்டி மற்றவர்களுக்கு இடம் சொன்னாள். அவளுடைய குரல் மேலே எனக்குக் கேட்டது; ஆங்கிலத்தில், கட்டளையாக. பந்து வந்தால் வைத்திருக்கவேயில்லை. சூடான தோசைக்கல்லைத் தொட்டதுபோல அடுத்தவளிடம் கொடுத்தாள். அந்த வேகமான ஜெர்மன்காரி மெல்ல மெல்ல வேகமில்லாதவள் ஆனாள்.

ஆட்டம் சமநிலைக்கு வந்து நின்றபோது எதிரணியின் பெரிய உருவமுள்ள ஒருத்தி பந்தோடு நேரே வளையத்தை நோக்கி வந்தாள். என் மகள் குறுக்கே போய் நின்றாள். விலகவில்லை. எனக்கு டிராம் ஞாபகம் வந்தது. பாதையில் நிற்கிறவர் விலகமாட்டார் என்று தெரிந்த பிறகு ஓட்டுகிறவனுக்கு மிச்சமிருக்கிற நேரம். அடித்த அடியில் அவள் முதுகோடு விழுந்து பலகைத் தரையில் வழுக்கிக்கொண்டு போனாள். நடுவர் ஊதினார். யார் பிழை, யாருக்குப் பந்து, எனக்கு ஒன்றும் தெரியாது. அவள் எழும்பவில்லை. மனைவியின் விரல்களில் செபமாலை நின்றுவிட்டது.

பெஞ்சில் இருந்த முழு அணியும் எழுந்து நின்று துவாய்களைச் சுழற்றிக்கொண்டிருந்தது. ஆடுகளத்தில் நின்ற நான்கு பேரும் ஓடிவந்து ஆளுக்கொரு கையும் காலுமாகப் பிடித்து அவளைத் தூக்கி நிறுத்தினார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருந்த பயிற்சியாளர் கைகளை அவிழ்த்து இரண்டுதரம் தட்டினார். விலகாமல் நின்றவளை இடித்தது எதிரணியின் பிழை என்று பந்து மகளின் அணிக்குக் கிடைத்தது. கடைசி நிமிடத்தில் அவளிடமே பந்து வந்தபோது எங்கள் நாற்பது பேரும் மூச்சைப் பிடித்திருந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவள் வளையத்தைப் பார்த்துக்கொண்டே பார்க்காத பக்கம் கொடுத்தாள். நெட்டைப் பெண் மறுபடி இறங்கியிருந்தாள். வாங்கிப் போட்டவள் அவள்தான். ஒரு பந்து வித்தியாசத்தில் வென்றார்கள்.

என் மகள் போட்டது ஒன்றுமில்லை.

வெளியே வாகனத் தரிப்பிடத்தில் எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்தார்கள். முதல்தரம்தானே, பரவாயில்லை. பயணக் களைப்பாயிருக்கும். பின்வரிசை அக்கா, பிள்ளைக்குப் படிப்பாவது இருக்கிறதுதானே என்றார். செத்த வீட்டில் நிற்பதுபோல நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

மகள் ஈரத்தலையோடு, தோளில் பையோடு வந்தாள். தாயைக் கட்டிப்பிடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். ஏச்சு வாங்கிக் கட்டத் தயாராக நின்றேன்.

"அப்பா, ஆரது எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொன்னது?"

"நான்தான்."

"கேட்டவையோ?"

"பொய் சொன்னனான்."

"பின்ன." அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவர்களுடைய பேருந்தின் இயந்திரம் ஓடத் தொடங்கியிருந்தது. அவசரமாகச் சொன்னாள். அந்த எறி தவறினபோது பயிற்சியாளர் சொன்னாராம், உன்னை எடுத்தது நீ நிறையப் போட்ட ஆட்டத்தைப் பார்த்து இல்லை என்று. அந்தச் சின்னக் கல்லூரியில் ஒருநாள் எறிந்ததெல்லாம் தவறிப்போன ஆட்டம் ஒன்று இருந்ததாம். அன்றைக்கும் ஒவ்வொரு தடவையும் திரும்பி ஓடிவந்து தடுத்தவள் இவள் என்று, அதைப் பார்த்துத்தான் எடுத்தாராம்.

"இப்ப உடுப்பு மாத்தேக்க கோச் சொன்னவ. இனிப் பெஞ்சிலயிருந்து முதல் இறங்குற ஆள் நான்தான். ஒவ்வொரு ஆட்டமும்."

"நிச்சயமோ?"

"நிச்சயம் எண்டு ஒண்டும் இல்லையப்பா. ஒவ்வொரு நாளும் பிடிச்சு வச்சிருக்கோணும். ஆனா இப்ப இடம் இருக்கு."

என் கன்னத்தில் தட்டிவிட்டு ஓடினாள். பேருந்துக் கதவு மூடியது.

தலைவர் கொஞ்சம் தள்ளி, மரியாதைக்கு நின்றுகொண்டிருந்தார். போய்ச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

"அண்ணை, பிள்ளைக்கு இடம் கிடைச்சிட்டுது."

"எங்க?"

"பெஞ்சில. முதலாவது ஆள்."

அப்படியென்றால் இனியும் பெஞ்சில்தானா என்று கேட்டார். ஓம் அண்ணை, பெஞ்சில்தான், ஆனால் அது எப்படியென்றால் என்று தொடங்கினேன். ஜூனியர் கொலிஜிலிருந்து வருகிறவர்கள், அங்கே போடுகிறவர் இங்கே தடுக்கிறவர், முதல் இறங்குகிற ஆள் என்றால் கிட்டத்தட்ட... என்று எதை எதையோ சொன்னேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"மனதைத் தளரவிடாதை, தம்பி," என்று என் கையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தார். சந்தோசத்தில் நான் உளறியதை அவர் கவலை என்று நினைத்தார். நினைக்கட்டும் என்று, அவராக விடும்வரை கையைப் பிடித்திருக்க விட்டேன்.